பனி வயலில் வந்த நிழல்: வெர்மான்ட் கிரகணப் பயணம்

ஏப்ரல் 5, 2024, வெள்ளி – நியூ ஜெர்சி

காலை 10:23க்கு வீடு குலுங்கியது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கலகலவென்று ஆடின. தெருவில் ஏதோ லாரி மோதிவிட்டது என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. 4.8 அளவில் நிலநடுக்கம் என்று கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று வருவது ரொம்ப அபூர்வம். மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார். "கிரகணம் வர்ற நேரத்துல பூமி வேற ஆடுது. ரெண்டு பேரும் எங்கயும் போகாம வீட்டுலயே இருங்க." அண்ணன் போனை வாங்கி, "சரிம்மா, பாத்துப் போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வரும் திங்கட்கிழமை முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்கப் போவதாக இருந்தது டெக்சாஸுக்கு. கெர்வில் என்ற சிறிய ஊரில் அறை எடுத்து மாதக்கணக்கில் ஆகிறது. அங்கே முழுக் கிரகணம் 4 நிமிடம் 24 விநாடி நீடிக்கும். ஏப்ரல் மாத மேகக் கணக்கைப் பார்த்தாலும் அமெரிக்காவிலேயே டெக்சாஸுக்குத்தான் வாய்ப்பு அதிகம், வடகிழக்குக்குக் குறைவு. கிரகணம் பார்க்கிற எல்லோரும் தெற்கு நோக்கிக் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். ஆனால் இந்த வாரம் எல்லாம் தலைகீழ். டெக்சாஸில் திங்கட்கிழமை மேகம், கூடவே இடி மழை என்கிறார்கள். வடகிழக்கிலோ வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மூன்றிலும் வெயில் என்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மறுபடி பார்த்தோம், அதே படம். டெக்சாஸை விட்டுவிட்டு வெர்மான்ட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. விமான டிக்கெட் பணம் திரும்ப வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுநூறு டாலருக்கு மேல் போயிற்று.

வயிறு எரிந்தாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காரணம் என் ட்ரோன். கெர்வில்லில் முழு மறைப்பின்போது சூரியன் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். பெரும்பாலான ட்ரோன்களின் கேமரா கீழே பார்க்கத்தான் செய்யப்பட்டது, மேலே அவ்வளவாக நிமிராது. என்னுடையது மினி 3 ப்ரோ. 60 டிகிரி வரை நிமிரும். ஆனால் அந்த உயரத்துக்கு நிமிர்த்தினால் படத்தில் வெறும் வானம்தான் மிஞ்சும். வடக்கு வெர்மான்ட்டில் அதே நேரத்தில் சூரியன் 40 டிகிரியில் நிற்கும். இந்த ட்ரோன் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பலாம். அப்படித் திருப்பி லேசாக நிமிர்த்தினால் மேலே சூரியன், கீழே தரை, இரண்டும் ஒரே படத்தில் வரும்.

ஏப்ரல் 6, சனி – ஒயிட் ரிவர் ஜங்ஷன்

முழுக் கிரகணம் தெரிகிற பாதைக்குள் ஒரு அறைகூட இல்லை. பாதைக்கு வெளியே, தெற்கே, ஒயிட் ரிவர் ஜங்ஷனில் ஒரு மோட்டலில் கிடைத்தது. ஓர் இரவுக்கு 389 டாலர். சுவரில் நீர்க்கறை படிந்த அறை, ஹீட்டர் போட்டால் கட்டிலே அதிர்கிறது. வரவேற்பில் இருந்த பெண்மணி விலையைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் அவராகவே இரண்டு கம்பளிப் போர்வை கூடுதலாகக் கொண்டுவந்து கொடுத்து, "இந்த விலை நான் வைத்ததில்லை" என்றார்.

வழி முழுக்கச் சாம்பல் வானம். கனெக்டிகட் வரைக்கும் மழைத் தூறல், மாசசூசெட்ஸ் தாண்டியதும் சாலை ஓரத்தில் பனி. புதன், வியாழன் அடித்த பனிப்புயலில் வடக்கே ஓர் அடிக்கு மேல் விழுந்திருக்கிறது. நாளை மறுநாள் வானம் தெளியும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தான். பிராட்டில்பரோவில் காரை நிறுத்திக் கட்டுச்சோறு பிரித்தோம். புளியோதரை, வறுத்த அப்பளம், ஒரு டப்பா மோர் மிளகாய். குளிரில் புளியோதரை கல் மாதிரி இறுகியிருந்தது, ருசி மட்டும் குறையவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு – பார்ட்டன்

இன்றைய வேலை இடம் பார்ப்பது. கண்ணால் மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு எந்த இடமும் போதும். ட்ரோன் பறக்கவிட நான்கு விஷயம் ஒன்றுசேர வேண்டும். பக்கத்தில் விமான நிலையக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது, பறக்கிற இடத்துக்குக் கீழே கூட்டம் நிற்கக் கூடாது, தென்மேற்கு திறந்திருக்க வேண்டும், நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். தென்மேற்குக்குக் காரணம் உண்டு. நிழல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், அந்நேரம் சூரியனும் அதே திசையில் நிற்கும்.

பார்ட்டன் தாண்டி வரைபடச் செயலி ஒரு மண் சாலையைக் காட்டியது. பனி உருகுகிற இந்த வாரங்களை இங்கே சேற்றுக் காலம் என்றே சொல்கிறார்கள். கீழ் மண் இன்னும் உறைந்து கிடக்க, மேல் மண் மட்டும் இளகும். தண்ணீர் இறங்க வழி இல்லாமல் சாலையே குழம்பாகிவிடும். முன் சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. அண்ணன் இறங்கித் தள்ளினான், அவன் ஷூ சேற்றோடு போயிற்று. ஒரு காலில் ஷூ, ஒரு காலில் காலுறையோடு நின்று, "பாப்பா, நீ ஸ்டீயரிங்க நேரா பிடி" என்று கத்தினான்.

கால் மணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. அறுபது, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க விவசாயி. ஒரு கேள்வியும் கேட்காமல் சங்கிலியை மாட்டி இழுத்துவிட்டார். அண்ணன் இருபது டாலரை நீட்டினான். அதைப் பார்க்காத மாதிரி, "உள்ளே வாங்க, கால் நனைஞ்சிருக்கு" என்றார்.

உள்ளே என்றால் மேப்பிள் பாகு காய்ச்சுகிற கொட்டகை. இரவில் உறைந்து பகலில் உருகுகிற சில வாரங்களில்தான் மரத்தில் சாறு இறங்குமாம். பெரிய தட்டையான பாத்திரத்தில் விறகுத் தீ வைத்துக் காய்ச்சுகிறார்கள். நாற்பது காலன் சாறு வற்றி ஒரு காலன் பாகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற வேலைதான் இது. கொட்டகை முழுக்க இனிப்பு ஆவி. அவர் மனைவி வெளியே போய் ஒரு தட்டில் சுத்தமான பனியை அள்ளிவந்து, கொதிக்கிற பாகை அதன் மேல் நூலாக ஊற்றினார். அது உடனே இறுகி ஜவ்வாக ஆகிறது, முள் கரண்டியில் சுற்றிச் சாப்பிட வேண்டும். கூடவே ஒரு டோனட், புளிப்பான வெள்ளரிக்காய் ஊறுகாய். இனிப்புத் திகட்டும்போது ஊறுகாயைக் கடித்தால் மறுபடி இனிப்பு இறங்கும் என்றார். சரியாகத்தான் இருந்தது. ஒரு குவார்ட், அதாவது கால் காலன், பாகு 24 டாலருக்கு வாங்கிக்கொண்டோம். அதற்கு மட்டும் பணம் வாங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம் தென்மேற்காகச் சரிந்து இறங்குகிறது. எதிரே முழுக்க மலைகள், தொலைவில் மேன்ஸ்ஃபீல்ட் மலையின் முதுகு. நாங்கள் கேட்டது அந்த நிலத்தைத்தான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "1932ல எங்க அப்பா இந்தப் பக்கமே நின்னு கிரகணம் பார்த்தார். பத்து வயசுப் பையன். கடைசி வரைக்கும் அதைப் பத்திச் சொல்லிட்டே இருந்தார். நாளைக்கு என் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க. அந்த மூணு நிமிஷம் உங்க மிஷின் சத்தம் கேக்கக் கூடாது. மத்தபடி என்ன வேணா பண்ணுங்க."

அவர் கேட்டது முழுக்க நியாயம். வாழ்நாளில் ஒரு முறை பார்க்கிற வானத்துக்கு அடியில் தேனீ மாதிரி ஒன்று ரீங்கரித்துக்கொண்டிருப்பதை நானும் விரும்ப மாட்டேன்.

அடுத்த சிக்கல் சட்டம். அமெரிக்காவில் ட்ரோன் பறக்கிற நேரம் முழுக்க ஓட்டுபவரோ, அவர் பக்கத்தில் நிற்கும் துணையாளரோ அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உயரம் 400 அடியைத் தாண்டக் கூடாது. அப்படியானால் மூன்று நிமிடமும் எங்களில் ஒருவர் சூரியனை விட்டுவிட்டு ட்ரோனைப் பார்க்க வேண்டும். வயலில் நின்று காகிதத்தில் கணக்குப் போட்டோம். ட்ரோனைத் தென்மேற்கே 250 மீட்டர் தள்ளி, 115 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால், நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து அது 25 டிகிரியில் தெரியும். சூரியன் 40 டிகிரியில். ஒரே திசையில், மேலே சூரியன், கீழே ட்ரோனின் சிமிட்டும் விளக்கு. தலையைத் திருப்பவே வேண்டாம். 250 மீட்டரில் சத்தமும் கேட்காது. மாலையில் பறக்கவிட்டுக் காதை வைத்துச் சோதித்தோம். விவசாயியும் கூட நின்று கேட்டார். 150 மீட்டரில் லேசாகக் கேட்டது, 200 தாண்டியதும் காற்றுச் சத்தம்தான். "சரி" என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8, திங்கள் – கிரகணம்

காலை ஐந்து மணிக்கே மோட்டலை விட்டுக் கிளம்பினோம், கார் கண்ணாடியில் உறைபனி. ஏழு மணிக்கு வானம் துடைத்த நீலம். ஒரு மேகம் இல்லை. டெக்சாஸில் இருக்கும் நண்பரிடமிருந்து சாம்பல் வானத்தின் படம் வந்தது. அவருக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்குள் வயலில் ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். விவசாயியின் குடும்பம், அக்கம்பக்கத்தவர், சாலையில் போகும்போது கேட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள். எவரிடமும் காசு கேட்கவில்லை. பக்கத்து ஊரில் வண்டி நிறுத்த நாற்பது டாலர் வாங்குவதாக ஒருவர் சொன்னார். அவரவர் கொண்டுவந்ததை ஒரு மேசையில் வைத்தார்கள். நாங்கள் எலுமிச்சை சாதத்தை வைத்தோம். ஒரு சிறுவன் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். வெயில் ஏறி 13 டிகிரி வந்தது. காலடியில் இன்னும் அரை அடிப் பனி, ஆனால் ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை.

2:16க்கு முதல் கடி. கிரகணக் கண்ணாடி வழியே சூரியனின் வலது கீழ் ஓரத்தில் சின்னக் குழி. இந்த ஒரு மணி நேரமும் ட்ரோன் தரையிலேயே இருந்தது. பகுதிக் கிரகணத்தை அகலக் கோண லென்ஸில் எடுத்து ஒரு பயனும் இல்லை. இந்த கேமராவில் சூரியன் 25 பிக்சல் அகலம்தான் வரும். முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரிகிற கொரோனா ஒளிவட்டத்தின் இழைகள் வேண்டுமென்றால் முக்காலியில் நீள லென்ஸ் வைத்தவர்களிடம் போக வேண்டும். வயலில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ட்ரோனால் எடுக்க முடிவது அவர்களால் எடுக்க முடியாதது. நிழல் நிலத்தின் மேல் நடந்து வருவதை உயரத்திலிருந்து பார்க்கலாம். அதற்காகத்தான் இத்தனை தூரம் தூக்கி வந்தேன்.

மூன்று மணிக்கு வெளிச்சம் மாறத் தொடங்கியது. மாலை மங்குவது போல மஞ்சளாக மங்கவில்லை. நடுப்பகல் வெயிலின் நிறத்திலேயே, அளவு மட்டும் குறைந்துகொண்டு போயிற்று. எங்கள் நிழல்களின் ஓரம் கத்தி வெட்டு மாதிரிக் கூர்மையானது. ஸ்வெட்டரைத் தேடி எடுத்தோம்.

3:12க்கு ட்ரோனை ஏற்றினேன். பனியில் நேரே வைத்தால் இறக்கைக் காற்றில் பனித்தூள் மோட்டாருக்குள் போகும், அதனால் விவசாயி ஒரு பலகை கொடுத்திருந்தார். இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வடக்கேயிருந்து ஒரு சிறிய விமானம் தாழ்வாக வந்தது. கிரகணம் பார்க்கவென்றே நிறையப் பேர் பறந்து வந்திருந்தார்கள். ஆள் இருக்கிற விமானத்துக்குத்தான் எப்போதும் வழி. ட்ரோனை 40 மீட்டருக்கு இறக்கிக் காத்திருந்தேன். அது மெதுவாக ஒரு வட்டம் அடித்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "போயிரு, போயிரு" என்று முணுமுணுத்தான். 3:20க்குத்தான் அது மேற்கே மறைந்தது. மறுபடி 115 மீட்டர் ஏற்றி, கேமராவை நெட்டுக்குத்தாக்கி, நிமிர்த்தி, நிறுத்தினேன்.

எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற ஒளியின் அளவை, ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டைச் சரிசெய்கிறேன் என்று பிரகாசமாக்கிக்கொண்டே போகும். படத்தில் நிழலே வராது. நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலையும் அப்படித்தான், பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிட வேண்டும். அதே சமயம் பனி வெயிலுக்கும் முழுக் கிரகணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஒற்றை அளவாலும் பிடிக்க முடியாது. வெளிச்சம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைகிறது. ஆகவே ஒரே ஒரு மாற்றம் என்று வைத்திருந்தேன். 3:26 தாண்டியதும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து அறுபதில் ஒரு பங்குக்கு மாற்றினேன். திரை வெள்ளையாக வெந்துபோனது. ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு நிமிர்ந்தேன்.

மேன்ஸ்ஃபீல்ட் காணாமல் போயிருந்தது. அந்த மலைக்கும் எங்களுக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல். நிழல் வருகிற வேகம் இங்கே மணிக்கு 4,000 கிலோமீட்டரைத் தாண்டும், அங்கிருந்து வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகாது. தென்மேற்கில் மெல்லிய மேகச் சல்லடை ஒன்று அப்போதுதான் ஏறியிருந்தது. அதன் மேல் கருநீல ஓரம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. குன்று, அடுத்த குன்று, பண்ணை, வயல் ஓரத்து மரங்கள். பனி ஈய நிறமானது. யாரோ கத்தினார்கள். சூரியனின் கடைசிப் பொட்டு வைரமாக எரிந்து அணைந்தது.

கண்ணாடியைக் கழற்றினோம்.

கருப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளை இழைகள் எல்லாத் திசையிலும் நீண்டிருந்தன. சூரியனின் செயல்பாடு உச்சத்துக்கு வந்துகொண்டிருக்கும் வருடம் இது, இழைகள் ஒரு பக்கமாக இல்லாமல் எங்கும் பரவுவது அதனால்தான். அடியில் இளஞ்சிவப்பில் ஒரு பொறி வெறும் கண்ணுக்கே தெரிந்தது, சூரியனிலிருந்து எழும் தீப்பிழம்பு. வலது கீழே வெள்ளி பளிச்சென்று, இடது மேலே வியாழன். எல்லாவற்றுக்கும் கீழே என் ட்ரோனின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை. அடிவானம் சுற்றிலும் ஆரஞ்சு. கீழே ஒரு பண்ணையில் தெருவிளக்கு தானாக எரிந்தது. மாடுகளுக்கு ஒரு மாற்றமும் இல்லை, வைக்கோல் தின்றுகொண்டே நின்றன. ஒரு குழந்தை அழுதது. விவசாயி தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார். அண்ணன் என் தோளைப் பிடித்தவன் கடைசி வரை விடவில்லை.

ஏறக்குறைய மூன்று நிமிடம். எத்தனை படித்துவிட்டுப் போனாலும் அது போதாது. வலது ஓரத்தில் ஒளி பீறிட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

ரிமோட்டில் வெளிச்சம் போதவில்லை, பார்வை உணரிகள் வேலை செய்யவில்லை என்று எச்சரிக்கை வந்து போயிருந்தது. ஜிபிஎஸ் மட்டும் வைத்து ட்ரோன் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது. காற்றும் அடங்கியிருந்தது உதவி. பேட்டரி 41 சதவீதத்தில் பலகையில் இறக்கினேன்.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். 91ஆம் நெடுஞ்சாலை தெற்கு நோக்கி ஒரே சிவப்பு விளக்கு வரிசை. ஒன்றரை மணி நேர வழிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போனில் சிக்னல் இல்லை. ஆனால் ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை, ஒருவர்கூட ஓரப் பாதையில் புகுந்து முந்தவில்லை. லிண்டன்வில் பக்கம் ஒரு வீட்டு வாசலில் 'கழிப்பறை இங்கே, இலவசம்' என்று அட்டையில் எழுதி ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரவேற்பறை வழியாக வரிசை போயிற்று. எல்லோரும் வாசலில் சேற்றுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரில் கல்லூரிப் பிள்ளைகள். ஜன்னல் வழியாகத் தயிர்சாதம் ஒரு டப்பா அங்கே போயிற்று, ஒரு பை ஆப்பிள் டோனட் இங்கே வந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய் – திரும்பும் வழி

மோட்டலில் விடியும்வரை தூங்கவில்லை, வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். முதல் பத்து விநாடி வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மலைக் கோடு எழுந்து, எழும்போதே பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகிறது. வயலில் நின்றபோது ஓர் அடி மாதிரி வந்து விழுந்தது, மேலேயிருந்து பார்த்தால் வரிசை தெரிகிறது. எந்தக் குன்று முதலில், எந்தப் பள்ளத்தாக்கு அடுத்து என்று எண்ணலாம். நிழலுக்கு வெட்டிய ஓரம் கிடையாது, சில கிலோமீட்டர் அகலத்துக்குக் கரைந்து வருகிறது. சூரியன் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு, நடுவில் கருப்பு இருப்பது பெரிதாக்கினால்தான் தெரியும். அதில் எனக்குக் குறையே இல்லை. நான் கேட்டது அந்த நிழலைத்தான்.

விவசாயியின் வீட்டில் இணையம் மெதுவாம், இவ்வளவு பெரிய கோப்பு இறங்காது என்றார். பென் டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். தெருவிளக்கு எரிந்த பண்ணை அவர் தம்பியுடையதாம், அந்த நொடியைத் தனிப் படமாக எடுத்து அச்சடித்துத் தரவும் கேட்டிருக்கிறார்.

ஹார்ட்ஃபோர்ட் பக்கம் ஒரு தோசைக் கடையில் நிறுத்தினோம். மசால் தோசை 14 டாலர், சாம்பாரில் கொஞ்சம் இனிப்பு. ஒரு கவளத்தை மேப்பிள் பாகில் தொட்டுப் பார்த்தான் அண்ணன். அதற்குள் அடுத்த கணக்கு ஆரம்பமாகிவிட்டது. 2026 ஆகஸ்ட் 12 ஸ்பெயினில். பர்கோஸ் பக்கம் சூரியன் 10 டிகிரியில்தான் இருக்கும், மறைகிற நேரம். ட்ரோனுக்கு அதைவிட நல்ல உயரம் கிடையாது, கேமராவைத் திருப்பக்கூட வேண்டாம். 2027 ஆகஸ்ட் 2 எகிப்தில், லக்ஸர் அருகே ஆறு நிமிடத்துக்கும் மேல். ஆனால் அங்கே சூரியன் உச்சந்தலையில், அனுமதி இல்லாமல் ட்ரோனை நாட்டுக்குள்ளேயே கொண்டுபோக முடியாது. "எகிப்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போவோம் பாப்பா" என்றான் அண்ணன். அம்மா சம்மதிக்க வேண்டும். இரவு வீட்டுக்குப் போனதும் அந்த வீடியோவை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன்.